அந்த 4-0: கேமரூனின் ரஷ்ய கோச் விட்டுக்கொடுத்தாரா?

கேள்வி, 22 ஏப்ரல் 2024, இரவு

டொரண்டோ செஸ் போட்டியில் குகேஷ் ஜெயித்த சந்தோஷத்தில் கூட ஆடியவர்களைப் பற்றியும் தேடிக்கொண்டிருந்தேன். ரஷ்ய செஸ் வீரர் நெபோவின், அதாவது இயான் நெபோம்னியாஷியின் பெயரைத் தட்டினால் அதே பெயரில் ஒரு கால்பந்து கோச் வருகிறார். வலேரி நெபோம்னியாஷி, 1990 உலகக் கோப்பையில் கேமரூனுக்கு கோச். நம்ம நெபோவுக்கு அப்பாவா? அப்புறம், சொந்த நாடு என்ற பாசத்தில் சோவியத்துக்கு 4-0 விட்டுக்கொடுத்தவர் இவர்தான் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில், 23 ஏப்ரல், காலை 6:10

அப்பா இல்லை. செஸ் நெபோவின் அப்பா பெயர் அலெக்சாண்டர். ரஷ்யர்கள் அப்பா பெயரைத் தங்கள் பெயருக்கு அடுத்து வைத்துக்கொள்வார்கள், நம் இனிஷியல் மாதிரி. இவர் இயான் அலெக்சாண்ட்ரோவிச். பிறந்தது 14 ஜூலை 1990, அதாவது அந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் முடிந்து ஆறாம் நாள். கோச் வலேரி குஸ்மிச், 1943 இல் சைபீரியப் பக்கம் அல்தாயில் பிறந்தவர்.

உங்கள் மாமா சொன்ன கதையை நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதற்குப் பதில் ராத்திரி. இப்போது வேலைக்குக் கிளம்பணும்.

23 ஏப்ரல், இரவு 10:45

முதலில் சந்தேகத்துக்கு உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமா ஒன்றும் முட்டாள் இல்லை.

அப்போது வெற்றிக்கு 2 புள்ளிதான். கேமரூன் அர்ஜென்டினாவையும் ருமேனியாவையும் ஜெயித்து 4 புள்ளியோடு அடுத்த சுற்றுக்குப் போயாச்சு. சோவியத் அதே இரண்டு அணிகளிடமும் 0-2, 0-2 என்று தோற்று, கோல் கணக்கில் மைனஸ் நான்கில் கிடந்தது. அர்ஜென்டினாவுக்கும் ருமேனியாவுக்கும் ஆளுக்கு 2 புள்ளி, கோல் கணக்கு பிளஸ் ஒன்று. 18 ஜூன், ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். பாரியில் கேமரூனும் சோவியத்தும், நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவும் ருமேனியாவும்.

நேப்பிள்ஸில் யாராவது ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றால் அவர்கள் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். சோவியத் 3-0 ஜெயித்திருந்தால் மைனஸ் ஒன்று, போதாது. 4-0 ஜெயித்தால் பூஜ்யம். அப்போது யார் அதிக கோல் அடித்தார்கள் என்று பார்ப்பார்கள், சோவியத் முந்த நல்ல வாய்ப்பு. பாருங்கள், நாலு கோல் தேவை, சரியாக நாலு கோல் விழுந்திருக்கிறது. எதிரணி கோச் ரஷ்யர். டீக்கடைக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் நேப்பிள்ஸ் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. சமன் ஆனால் இருவருக்கும் 3 புள்ளி, சோவியத் எத்தனை அடித்தாலும் கடைசி இடம்தான். பாரியில் உட்கார்ந்திருந்த எந்த கோச்சின் கையிலும் அது இல்லை. அதோடு நேப்பிள்ஸில் யாராவது ஜெயித்திருந்தால் கேமரூனின் முதலிடம் போயிருக்கும். தன் அணியின் இடத்தைப் பணயம் வைத்து, பலிக்குமா என்றே தெரியாத ஒரு உதவியை எவன் செய்வான்?

விளைவு ஒரு வேடிக்கை. கேமரூன் மூன்று கோல் அடித்து ஐந்து வாங்கி, மைனஸ் இரண்டோடு குழுவில் முதலிடம். உலகக் கோப்பையில் அதற்கு முன் யாரும் அப்படி முதலிடம் பிடித்ததில்லை.

என் அபிப்பிராயம், தேறிவிட்ட பையன் கடைசிப் பரீட்சை எழுதின கதை. அவ்வளவுதான். மற்றபடி அந்த அணி கோச் இல்லாமலே ஓடிய அணி. இவர் சும்மா பெஞ்சில் இருந்தார், அதிர்ஷ்டக்காரர். 1993 இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் நேரிலேயே பார்த்திருக்கிறேன், சாதுவான மனிதர்.

24 ஏப்ரல், மதியம்

ஒன்றை விட்டுவிட்டேன். ‘சொந்த நாட்டுப் பாசம்’ என்கிறீர்களே, அந்த நாலு கோலை அடித்தவர்களில் புரோதாசோவும் ஸவாரோவும் உக்ரைனில் பிறந்தவர்கள், ஸிக்மன்தோவிச் பெலாரஸின் மின்ஸ்க்காரர். சோவியத் கோச் லொபனோவ்ஸ்கி கீவ்காரர். நம்ம ஆளோ ஆடியதும் கோச்சிங் பழகியதும் மத்திய ஆசியாவின் சமர்கந்து, அஷ்காபாத் பக்கம், பாலைவன ஓரத்து அணிகளில். அஷ்காபாத்தின் கொல்கோஸ்சி அணி சோவியத்தின் மேல்தட்டு லீகில் ஆடியதே இல்லை. மாஸ்கோவும் கீவும் இவரை எந்த லட்சணத்தில் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாசம் இருந்தால் அஷ்காபாத் மேல் இருந்திருக்கும்.

24 ஏப்ரல், இரவு

சரி, முதல் ஆட்டத்தைச் சொல்லாமல் எப்படி. 8 ஜூன் 1990, மிலான், நமக்கு ராத்திரி ஒன்பதரை. எதிர்வீட்டில் டயனோரா கறுப்பு வெள்ளை டிவி. கேமரூனின் பச்சை, சிவப்பு, மஞ்சள் எதுவும் தெரியாது, ஒரே சாம்பல். அர்ஜென்டினா கோடு போட்ட சட்டை என்பதால் பிழைத்தோம். கோடு இல்லாதவன் கேமரூன்.

61 ஆம் நிமிடம் கானா-பியிக் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். ஆறு நிமிடம் கழித்து அவருடைய தம்பி ஓமாம்-பியிக் எம்பித் தலையால் முட்டினார். பந்தில் வேகமே இல்லை. அர்ஜென்டினா கோல்கீப்பர் பும்பிதோ கையில் வாங்கி நழுவவிட்டார். அண்ணன் போனதும் தம்பி அடித்தான் என்று எதிர்வீட்டுத் தாத்தா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ பங்காளிச் சண்டைக்குப் பழிவாங்கிய மாதிரி.

அப்புறம் அர்ஜென்டினாவின் கனீஜியா ஓட்டம். முதல் ஆள் காலைப் போட்டான், தாண்டிவிட்டார். இரண்டாவது ஆள், தடுமாறி எழுந்துவிட்டார். மூன்றாவதாக மாசிங் வந்தார். பந்து எங்கே என்று அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. மோதிய வேகத்தில் மாசிங்கின் ஷூவே கழன்று போனது. இரண்டாவது சிவப்பு அட்டை. ஒன்பது பேரோடு உலகச் சாம்பியனை 1-0.

அந்த ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புவரை கோல்கீப்பராக ஜோசப்-அந்துவான் பெல் நிற்பதாகத்தான் பேச்சு. தயாரிப்பு சரியில்லை என்று பத்திரிகையில் வெளிப்படையாகப் பேசியவர். ஆட்டத்தன்று அவரை உட்கார வைத்துவிட்டு தோமா இன்கோனோவை இறக்கினார்கள். அந்த முடிவு கோச்சுடையதா மேலிடத்துடையதா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. இத்தாலியில் அதைப் பார்த்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் கோல்கீப்பர் ஆவதென்று முடிவெடுத்தான், பின்னால் தன் மகனுக்கு லூயி தோமா என்று பெயரும் வைத்தான். பின்னாளில் இத்தாலியின் கோல்கீப்பர் ஆன பஃபோன்.

27 ஏப்ரல், இரவு

‘மொழி தெரியாமல் எப்படி கோச்சிங் பண்ணினார்’ என்று கேட்டிருக்கிறீர்கள். இது எனக்குப் பிடித்த இடம்.

1988 இல் சோவியத் விளையாட்டு நிர்வாகம் அனுப்பி கேமரூன் போனவர். க்ளோத் லெ ரோய் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வருடம்தான் ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு விலகியிருந்தார். அவர் விட்ட நாற்காலியில் பிரெஞ்சு சரியாக வராத ஒரு ரஷ்யர். தூதரகத்து டிரைவர்தான் மொழிபெயர்ப்பாளர் என்பது அந்த உலகக் கோப்பையிலிருந்தே சொல்லப்படும் கதை. இவர் ரஷ்யனில் நீளமாக ஏதோ சொல்வாராம், டிரைவர் பிரெஞ்சில் தனக்குத் தோன்றியதைச் சொல்வாராம். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற கதைதான். ஆனால் எனக்கு அப்படிச் சிரிக்க முடியாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். ஒடிசாப் பையன்கள் பதினாறு பேர். எனக்கு ஒடியா சுத்தமாகத் தெரியாது, இந்தி ‘ஜல்தி’, ‘கித்னா’ அளவு. எங்களுக்கு நடுவில் ஒரே பாலம் டீ கொண்டுவரும் பையன். ஒருநாள் ஒரு லாட் முழுக்க ஓவர்லாக் தையல் பிரிந்து திரும்பி வந்துவிட்டது. எனக்கு மேலே திட்டு, நான் கீழே திட்டினேன். நல்ல கோபம், அஞ்சு நிமிடம் விடாமல் பேசினேன். டீப்பையன் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் ரெண்டு வார்த்தை சொன்னான். பதினாறு பேரும் தலையாட்டிவிட்டு பீஸைத் திருப்பி அக்குள் தையலை இழுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

‘என்னடா சொன்னே?’

‘அக்குள்ல இழுத்துப் பாருங்கன்னு சொன்னேண்ணா. மத்ததெல்லாம் திட்டுதானே, அது உங்க மூஞ்சியிலயே தெரியுது.’

அதற்குப் பிறகு நான் பேசுவதைக் குறைத்தேன். லாட் திரும்பி வருவதும் குறைந்தது. நெபோம்னியாஷி கதை எனக்கு அந்தக் கேத்தலோடுதான் ஞாபகம் வரும்.

28 ஏப்ரல், காலை

‘மௌனமான கோச் என்றால் உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் முன்னால் அல்ஜீரியாவில் ஏன் கோட்டை விட்டார்?’ என்று ஒருவர். நியாயம். 1990 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கோப்பை, கேமரூன் நடப்புச் சாம்பியன். ஜாம்பியாவிடமும் செனகலிடமும் தோற்று, கென்யாவை மட்டும் ஜெயித்து, முதல் சுற்றிலேயே வீட்டுக்கு. மௌனம் எல்லா நாளும் வேலை செய்யாது. என் லாட்டும்கூட அப்புறம் ஒருமுறை திரும்பி வந்தது.

2 மே, இரவு

23 ஆம் தேதி ‘கோச் இல்லாமலே ஓடிய அணி, அதிர்ஷ்டக்காரர்’ என்று எழுதினேன். வாபஸ்.

காரணம் ரோஜே மில்லா. 38 வயது, தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்று ரியூனியன் தீவில் ஆடிக்கொண்டிருந்தவர். அவரைச் சேர்க்கச் சொன்னது நாட்டின் அதிபர் பால் பியா. இது எல்லோருக்கும் தெரியும். அதிபர் அனுப்பிய ஆள் என்றால் ஒரு சாதாரண கோச் என்ன செய்வார்? பயந்துபோய் முதல் பதினொன்றில் போட்டு, அரை மணியில் மூச்சு வாங்க வைப்பார். இல்லை, ரோஷப்பட்டு பெஞ்சிலேயே காய வைப்பார். இவர் இரண்டையும் செய்யவில்லை. ஐந்து ஆட்டத்தில் ஒன்றில்கூட மில்லா ஆரம்பத்திலிருந்து ஆடவில்லை. ஐந்திலும் நடுவில் இறங்கினார்.

ருமேனியா ஆட்டத்தில் 58 ஆம் நிமிடம் இறங்கி 76, 86 இல் கோல். கொலம்பியா ஆட்டம் கூடுதல் நேரம், அங்கேயும் இரண்டு. அதில் இரண்டாவது, கொலம்பியா கோல்கீப்பர் ஹிகீட்டா கோலை விட்டு அவ்வளவு தூரம் வெளியே வந்து பந்தோடு விளையாடப் பார்த்தாரே, மில்லா காலிலிருந்து தட்டிக்கொண்டு போனது. எதிரணி களைத்த பிறகு புதுக் காலோடு ஒரு கிழவர். அவசரப்படாமல் அடுப்படியில் ஆற வைத்து இறக்குகிற கைப்பக்குவம் அது.

இங்கிலாந்து காலிறுதியைப் பாருங்கள். 1 ஜூலை, நேப்பிள்ஸ். அட்டைகள் சேர்ந்ததால் கானா-பியிக், இம்பூ, ஒனானா, இந்திப் என நாலு பேருக்குத் தடை. இங்கிலாந்தின் பிளாட் தலையால் முட்டி 1-0. இடைவேளையில் மில்லா இறங்கினார். 61 இல் காஸ்காயின் அவரைத் தடுத்ததற்குப் பெனால்டி, குண்டே அடித்தார். அடுத்து கோச் எக்கெக்கேவை இறக்கினார். அவர் வந்து ஓரிரு நிமிடத்தில் மில்லா கொடுத்த பந்தை வாங்கி கோலுக்குள் தள்ளினார், 2-1. ஒரு கோலுக்கு வழி செய்தவர் மாற்று ஆள், அடுத்ததைக் கொடுத்தவரும் அடித்தவரும் மாற்று ஆட்கள். பெஞ்சில் சும்மா இருந்த மனிதர் இறக்கிய இருவர்.

83 இல் இங்கிலாந்தின் லினெக்கர் பெனால்டி, 105 இல் இன்னொரு பெனால்டி, 3-2. தடுப்பவர்கள் அன்றும் மிலான் ஆட்டம் மாதிரியே காலைப் போட்டார்கள், பெனால்டிக் கட்டத்துக்குள். லினெக்கரின் முதல் பெனால்டி விழுந்தபோது அரையிறுதிக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது. இந்தத் தடவை எதிர்வீட்டில் டிவியை அணைக்கவே யாருக்கும் மனசில்லை. மணி மூன்றுக்கு மேல்.

ஆக, அந்த ஓட்டத்தால்தான் அடுத்த உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு இடம் மூன்றானது.

3 மே

யாரோ ‘அடுப்படி உவமை தாங்கல’ என்று போட்டிருக்கிறார். ஏற்கிறேன். பசி நேரத்தில் எழுதியது.

11 மே, மதியம்

பெயருக்கு வருவோம். ரஷ்யனில் நெபோம்னியாஷி என்றால் ‘நினைவில்லாதவன்’. ஜார் காலத்தில் சிறையிலிருந்து தப்பியவனும் நாடோடியும் பிடிபட்டால் ‘பெயர் இவான், உறவு எதுவும் நினைவில்லை’ என்பார்களாம். அதிகாரிகள் அதையே பெயராக எழுதிக்கொண்டார்கள். செஸ் ரசிகர்கள் நெபோ என்று சுருக்கினார்கள். கொரியர்கள் நம் கோச்சை ‘நிபோ’ ஆக்கிவிட்டார்கள்.

ஆமாம், கொரியா. இத்தாலி முடிந்ததும் கேமரூனை விட்டுவிட்டார். துருக்கியில் கென்சலர்பிர்லியி, அங்காராகூஜூ. 1995 இல் தென் கொரியாவின் யூகோங் யானைகள் அணி. உண்மையிலேயே அணியின் பெயர் யானைகள்தான், பிறகு புச்சன் எஸ்.கே. என்று மாறியது. 1998 வரை அங்கே.

கொரியாவில் அப்போதைய ஆட்டம் ஓட்டம், உடல் பலம், பின்னாலிருந்து முன்னால் நீளமாக ஒரு உதை. இவர் குறும்பாஸ் ஆட வைத்தார். பந்தைத் தரையில் வைத்து, கிட்ட இருப்பவனுக்குக் கொடு, நகரு, திரும்ப வாங்கு. அதற்கு அங்கே பெயரே வைத்துவிட்டார்கள், ‘நிபோ சுக்கு’. சுக்குக் காப்பி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. கொரிய மொழியில் சுக்கு என்றால் கால்பந்து.

ஜெயித்தது என்ன? 1996 அடிடாஸ் கோப்பை. லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவரிடம் ஆடிய யூன் ஜோங்-ஹ்வான், நாம் கி-இல், கிம் கி-தோங் மூவருமே பின்னால் பெயர் சொல்லும் கோச்களானார்கள். யூன் ஜப்பானில் சாகன் தோசுவை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார், 2017 இல் செரெசோ ஒசாகாவுக்கு ஒரே வருடத்தில் லீக் கோப்பையும் எம்பரர் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார்.

கேமரூனில் ஐந்து ஆட்டத்துக்கு உலகம் இவரைத் தெரிந்துகொண்டது. ஆனால் இத்தாலியில் அவர் கையில் கிடைத்தது ஏற்கெனவே சமைந்த அணி (மறுபடி அடுப்படி, மன்னிக்கவும்). கொரியாவில் நாலு வருடம் தினமும் மைதானத்தில் நின்று ஒரு பழக்கத்தையே மாற்றினார். என்னைக் கேட்டால் இவருடைய பெரிய வேலை அதுதான்.

12 மே

‘அங்கே மொழிக்கு என்ன செய்தார்?’ குறும்பாஸுக்கு மொழி எதற்கு? கையைக் காட்டினால் போதும். சரி, அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பார், டிரைவர் அல்ல என்று நம்புவோம்.

20 மே, இரவு

ஒரு திருத்தம், கொஞ்சம் வெட்கத்தோடு.

1993 இல் மெட்ராஸில் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா. நேரு கோப்பைக்கு கேமரூன் வந்தது நிஜம். இந்தியா அவர்களோடு 2-2 சமன் செய்ததும் நிஜம். ஈரோட்டிலிருந்து ரயிலேறி, புது ஸ்டேடியத்தின் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நான் பார்த்ததும் நிஜம். ஆனால் அந்த மனிதர் அப்போது துருக்கியில். மெட்ராஸில் கேமரூன் பெஞ்சில் வெளுத்த முடியோடு நின்றவர் யார் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக அவரை நெபோம்னியாஷி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘சாதுவான மனிதர்’ என்று சான்றிதழ் வேறு.

உங்கள் மாமாவை இனி நான் குறை சொல்ல முடியாது.

21 மே

கொரியாவுக்குப் பிறகு சீனாவில் சில அணிகள், 2001 இல் ஜப்பானின் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா, 2006 இல் உஸ்பெகிஸ்தான். சைபீரியாவின் டாம்ஸ்க் நகரத்து டாம் அணிக்கு 2008 இல் வந்தபோது வயது 65. உலகம் சுற்றிவிட்டு ரஷ்யாவின் மேல்தட்டு லீகில் வேலை. கேட்பவர்களுக்காக இவ்வளவு போதும், அணி அணியாக எழுதினால் ரயில்வே அட்டவணை ஆகிவிடும்.

22 மே

‘1994 இல் ரஷ்யா கேமரூனை 6-1 அடித்ததே, அப்போதும் இவர்தானே கோச்?’ இல்லை. கேமரூனுக்கு அப்போது ஆன்ரி மிஷெல். ஸலேன்கோ ஒருவரே ஐந்து கோல் அடித்த ஆட்டம். கேமரூனின் அந்த ஒற்றைக் கோலை அடித்தது மில்லா, 42 வயதில், அதுவும் இடைவேளைக்குப் பிறகு இறங்கி.

13 டிசம்பர் 2024, காலை

இழையைத் தூசு தட்டுவதற்கு மன்னிக்கவும், நேற்று குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதில் தூக்கம் வரவில்லை.

சொல்ல வந்தது வேறு. யூன் ஜோங்-ஹ்வான் என்று மேலே எழுதினேனே, இந்த வருடம் கொரிய லீகில் கங்வொன் அணியை இரண்டாமிடத்துக்குக் கொண்டுவந்து சிறந்த கோச் விருது வாங்கியிருக்கிறார். போன வருடம் அதே அணி கீழே இறங்காமல் தப்பியதே பெரிய பாடு.

மாமாவிடம் 4-0 கணக்கைக் காட்டினீர்களா? என்ன சொன்னார்?

13 டிசம்பர், மதியம்

‘கணக்கு சரி, ஆனாலும் எனக்குத் தெரியும்’ என்றாராம். மாமாவிடம் அடுத்து 1993 மெட்ராஸ் பெஞ்சில் நின்றவர் யார் என்று கேட்டுப் பாருங்கள் தம்பி. அவருக்குத் தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.